மேகத்துக்குள் எடுத்த நேரம்

ஆபீஸ் சன்னலோரத்து என் புஷ்பத்துக்கு,

இதை நீ படிப்பாய் என்று நம்பி நான் எழுதவில்லை. செத்தவர்களுக்குக் காது உண்டா என்று நீ இருந்தபோதே நாம் சண்டை போட்டிருக்கிறோம். நீ உண்டு என்றாய், நான் ஆதாரம் கேட்டேன். இன்றைக்கும் என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனாலும் உன்னைப் பார்த்துச் சொன்னால்தான் எனக்குச் சொல் ஒழுங்காக வருகிறது. மற்றவர்களும் நின்று கேட்கட்டும். கேட்க வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள்.

முதலில் செய்தி. போன மாதக் கடைசியோடு பள்ளிக்கூடத்தை விட்டு வந்துவிட்டேன். இருபத்தாறு வருடம். தாளில் விருப்ப ஓய்வு என்று போட்டிருக்கிறார்கள். விருப்பம் என் வலது முழங்காலுடையது. மைதானத்துப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிற பி.டி. மிஸ்ஸைப் பார்த்து எந்தப் பிள்ளை ஓடும்? ஐம்பது ஆவதற்குள் போய்விடுவதுதான் மரியாதை என்று தோன்றியது.

எனக்குப் பதிலாக வந்திருக்கும் பெண் கெட்டிக்காரி. மைதானத்தின் பள்ளத்துப் பக்கம் வலை கட்ட வைத்துவிட்டாள், பந்து இனிமேல் காட்டுக்குள் உருளாது. காட்டுமாடு மட்டும் இன்னும் வருகிறது. போன வாரம் ஒன்று லாங்ஜம்ப் குழியில் நின்று மணலை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்ததாம். பிள்ளைகள் அதற்கும் ஒரு நம்பர் துணி குத்தலாமா என்று கேட்டார்களாம்.

பள்ளி ஆண்டு மலருக்கு இரண்டு பக்கத்தில் ஒரு நன்றிக் கட்டுரை வேண்டும் என்று தலைமையாசிரியை கேட்டார். சரி என்றேன். பிரிவு உபசார விழாவில் பேசியதையே எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்தப் பேச்சில் நிர்வாகத்துக்கு நன்றி, பெற்றோருக்கு நன்றி, மைதானத்தைக் கூட்டியவர்களுக்கு நன்றி. உன் பெயரும் வந்தது. 'நம் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் தட்டச்சு செய்து தந்த மறைந்த புஷ்பம் அவர்கள்.' ஒரு வரி. நீ இருந்திருந்தால் கடைசி வரிசையிலிருந்து உதட்டைச் சுழித்திருப்பாய். அவர்களாம்!

அந்தக் கட்டுரையை நான் எழுதவில்லை. இதைத்தான் கொடுக்கப் போகிறேன். இரண்டு பக்கத்தில் அடங்காவிட்டால் போட வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

நீ ஆபீஸ் கிளார்க். விளையாட்டு உன் சோலி கிடையாது. ஆனால் பழனியில் போட்டி, திண்டுக்கல்லில் போட்டி என்று நான் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலையிலிருந்து கீழே போக பஸ் ஏறிய எந்த நாளில் நீ இல்லை? கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஒருத்தி வாந்தி எடுப்பாள். நீ புளிப்பு மிட்டாயும் பழைய செய்தித்தாளுமாக முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடப்பாய். மாதவிடாய் வந்து மூலையில் அழுகிற பிள்ளைக்கு வேண்டியது உன் மேசையின் கீழ் இழுப்பறையில் இருக்கும். நான் ஓட்டத்தைப் பற்றி எம்.ஃபில். வரை படித்திருந்தேன், ஓடுகிறவளுக்கு என்ன வேண்டும் என்பது உனக்குத்தான் தெரிந்தது.

எதையாவது சந்தேகப்பட்டு நான் கோபமாக ஆரம்பித்தால் பிளாஸ்கைத் திறப்பாய். "இந்தா, தேத்தண்ணி குடி. சந்தேகத்த அப்புறம் பாப்போம்." உன் அம்மா இலங்கைத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த சொல் அது. ஆபீஸ் முழுக்க டீ என்றார்கள், நீ விடவில்லை. "பழனி மலைக்கு ஒருவாட்டிகூடப் படி ஏறாத ஆயக்குடிக்காரி ஒலகத்துலயே நீ ஒருத்திதான்டி" என்பாய். நீ ஞாயிறு தவறாமல் மாதா கோவிலுக்குப் போகிறவள். உன் சாமிக்கும், பழனிக்குப் பக்கத்து என் ஊர்ச் சாமிக்கும் சேர்த்து நீயே பரிந்து பேசினாய்.

நூறு மீட்டர் ஓடுகிற நம் பிள்ளை சகாயராணியின் அப்பாவை வழிக்குக் கொண்டுவந்ததும் நீதான். அட்டுவம்பட்டிக்காரர், ஏரிப் பக்கம் சுற்றுலா வருகிறவர்களுக்குக் குதிரை விட்டுக்கொண்டிருந்தார். மகள் அரைக்கால் சட்டை போட்டு ஓடக்கூடாது என்று அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். நான் மாநில விதிகளை எடுத்துச் சொன்னேன். அவர் குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீ கேட்டாய்: "ஏண்ணே, ஒங்க குதிரைக்குப் பாவாடை கட்டி விட்டா ஓடுமா?"

"அதெப்பிடி ஓடும்?"

"அப்ப ஒங்க மகளுக்கு மட்டும் ஏன் கட்டி விடுறீங்க?"

அவர் சிரித்துவிட்டார். குதிரையின் முதுகில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

அந்த நாளுக்கு வருகிறேன். வராமல் இதை எழுத முடியாது. இருபது வருடத்துக்கு முந்தையது, நீ போகும்வரை நாம் இரண்டு பேரும் அதைப் பேசவில்லை.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும், பொறுத்துக்கொள். ஓட்டத்தைத் தொடங்க எங்களிடம் துப்பாக்கி கிடையாது. கீல் வைத்த இரண்டு பலகைகள். தலைக்கு மேல் தூக்கி ஓங்கி அடித்தால் வெடிபோலச் சத்தம் வரும். நூறு மீட்டர் தள்ளி முடிவுக் கோட்டில் வாட்சோடு நிற்பவர்கள், பலகை மூடுவதைக் கண்ணால் பார்த்த நொடியில் அழுத்த வேண்டும். சத்தம் கேட்டு அழுத்தினால் தப்பு. சத்தம் அவ்வளவு தூரம் வந்து சேர்வதற்குள் ஒரு நொடியில் பத்தில் மூன்று பங்கு போய்விடும். ஓடுகிறவளுக்கு அந்த அளவு நேரம் குறைவாகக் காட்டும். இதை நான் உனக்குப் பலமுறை சொன்னேன். "மின்னல் முந்தி, இடி பிந்தி. இதுக்கு எதுக்குடி எம்.ஃபில்.?" என்றாய்.

அந்த வருடம் விளையாட்டு விழா அன்று மூன்று மணிக்கு மேகம் இறங்கிவிட்டது. பெண்கள் நூறு மீட்டர் பாக்கி. நான் பலகையோடு தொடக்கக் கோட்டில் நின்றேன், நீ இன்னும் இரண்டு பேரோடு வாட்ச் பிடித்து முடிவுக் கோட்டில் நின்றாய். எதிரே முடிவுக் கோடு இல்லை, கொடி இல்லை, தைல மரங்கள்கூட இல்லை, வெள்ளை மட்டும். கலையட்டும் என்று காத்திருந்திருக்க வேண்டும். "மிஸ், சீஃப் கெஸ்ட் மலை எறங்கணும், வெரசா ஓட விட்ருங்க" என்று மைக்கில் கேட்டார்கள். அடித்துவிட்டேன். ஆறு பிள்ளைகளும் மேகத்துக்குள் ஓடி மறைந்தார்கள். கொஞ்ச நேரம் காலடிச் சத்தம், அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து கைதட்டல்.

சகாயராணி முதலில் வந்திருந்தாள். மூன்று வாட்சும் ஒரே நேரத்தைக் காட்டின. பன்னிரண்டு புள்ளி ஆறு. வராந்தாப் போர்டில் இருந்த பள்ளிச் சாதனை புள்ளி எட்டு. நாம் இருவரும் இந்தப் பள்ளிக்கு வருவதற்கு முன்பிருந்தே அது அங்கே இருந்தது.

நான் முடிவுக் கோட்டை நெருங்கும்போதே நீ ஓடி வந்தாய். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாய், மூச்சு வாங்கியது. பிள்ளைகளுக்குக் கேட்காதபடி என்னைத் தள்ளிக்கொண்டு போனாய்.

"கோமதி, ஒண்ணுமே தெரியல. சத்தத்துக்குத்தான் அழுத்துனேன். மத்த ரெண்டு பேரும் அப்பிடித்தான். பாய்ண்ட் மூணு கூட்டணும்ல?"

கூட்டினால் புள்ளி ஒன்பது. சாதனை இல்லை.

"மூணு வாட்சும் ஒண்ணாத்தான சொல்லுது?" என்றேன்.

"மூணு பேரும் ஒரே தப்பத்தான பண்ணிருக்கோம்!"

"விடு புஷ்பம்."

எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவள் என்று பேர் எடுத்தவள் நான். திருநீறு பூசி மூட்டுவலி போனது என்று யாராவது சொன்னால் எத்தனை பேருக்குப் போகவில்லை என்று கேட்பேன். அன்றைக்கு மட்டும் ஏன் நம்பினேன்? வேலைக்கு வந்து ஆறு வருடம். பெண் பிள்ளைகளுக்கு எதற்கு இவ்வளவு மைதானம் என்று நிர்வாகக் கூட்டத்தில் இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். போர்டில் ஒரு பெயர் மாற வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை இருந்தது. இதைக் காரணமாகச் சொல்லவில்லை, அப்படி இருந்தது என்று சொல்கிறேன்.

ஒரு மாதம் கழித்து, கீழே ஒரு விளையாட்டு விடுதியில் சேர சகாயராணி விண்ணப்பித்தாள். ஓடிய நேரத்துக்குச் சான்றிதழ் கேட்டார்கள். நீ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விரலை எடுத்துவிட்டாய்.

"பாய்ண்ட் ஆறுன்னே அடிக்கவா?"

"போர்டுல என்ன இருக்கோ அத அடி."

"போர்டுல நீ எழுதச் சொன்னதுதான கெடக்கு?"

"புஷ்பம், ஒன் சோலியப் பாரு."

நீ அடித்தாய். நான் கையெழுத்துப் போட்டேன். அவளுக்கு இடம் கிடைத்தது.

நான்கு மாதத்தில் திரும்பி வந்தாள். அங்கே அவளால் அந்த நேரத்தை ஒரு தடவைகூட ஓட முடியவில்லை. வேண்டுமென்றே மெதுவாக ஓடுகிறாள் என்று நினைத்திருக்கிறார்கள். "சர்டிபிகேட்ல இருக்குற கால எங்க வச்சுட்டு வந்த?" என்று தினமும் கேட்பார்களாம். எல்லாரும் போன பிறகு தனியாக ஓட விட்டிருக்கிறார்கள். தொடையின் பின் தசை கிழிந்தது. அது ஆறுவதற்குள் மறுபடி ஓட விட்டார்கள், மறுபடி கிழிந்தது.

நான் அவளைப் பார்க்கப் போகவில்லை. நீ போனாய். திங்கட்கிழமை காலையில் வந்து சொன்னாய்: "பாத்துட்டு வந்தேன். கால்ல கட்டுப் போட்டுருக்கு. பேசுனேன்."

"என்ன பேசுன?"

"பேச வேண்டியதப் பேசுனேன்."

எதற்கும் ஆதாரம் கேட்கிறவள், அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. அடுத்த வருடத்திலிருந்து நீ வாட்சைத் தொடவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு லாங்ஜம்ப் குழிக்குப் போய்விட்டாய். அதையும் பார்த்தேன். அதையும் கேட்கவில்லை. மதியம் சேர்ந்துதான் சாப்பிட்டோம், ஒரு நாள் தவறவில்லை. அது போதும் என்று எப்படி இருந்தேன்?

போன வருட மழைக்காலத்தில் மதுரை ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தேன். கண்ணை மூடியபடியே கேட்டாய்: "சகாயம் வந்தாளா?"

"அவ ஒட்டன்சத்திரத்துலல்ல இருக்கா. தூரம்."

"ஆமா. தூரந்தான்."

மருந்து மயக்கத்தில் பேசுகிறாய் என்று நினைத்தேன். உன் அடக்கத்துக்கு வந்த கூட்டத்தில் அவளைத் தேடினேன். காணவில்லை. இத்தனை செய்தவளுக்கு ஒரு பிடி மண் போட வரவில்லையே என்று அவள்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

என் விழாவுக்கு அவள் வந்தாள், புஷ்பம். கணவர் காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருக்கிறார், இவளும் கூடவே நிற்கிறாள். அதிகாலை லோடு இறக்கிவிட்டு, இரண்டு பஸ் மாறி மலை ஏறி வந்திருந்தாள். லேசாகக் காலைச் சாய்த்து நடக்கிறாள். மேடையில் மைக்கைப் பிடித்து, "பி.டி. மிஸ் இல்லன்னா நான் வீட்டவிட்டே வெளிய வந்துருக்க மாட்டேன்" என்று சொல்லி அழுதாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

பிறகு டீ கொடுத்தார்கள். பக்கத்தில் வந்து நின்றாள். ஏதாவது பேச வேண்டுமே என்று, "புஷ்பம் இருந்திருந்தா இன்னிக்கு ரொம்பச் சந்தோசப்பட்டுருப்பா" என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "அவங்க பேச்ச எடுக்காதீங்க மிஸ்."

"ஏம்மா?"

"ஒங்களுக்குத் தெரியாது. நான் காலக் கெடுத்துக்கிட்டுக் கெடந்தப்ப வீட்டுக்கு வந்து அவங்களே சொன்னாங்க. அன்னிக்கு வாட்ச தப்பா அழுத்திட்டேன், ஒன் நேரம் பாய்ண்ட் ஒம்பது, ஒன் கால்ல ஒரு கொறையும் இல்லன்னு. பயந்துக்கிட்டு மிஸ்கிட்ட சொல்லலையாம். மிஸ்க்கு எதுவும் தெரியாது, அவங்க மேல கோவப்படாதன்னாங்க. அவங்க அழுத்துன ஒரு பட்டன், மிஸ்! அதுக்கப்புறம் அவங்க மொகத்துலயே நான் முழிக்கல. டிசி வாங்க வந்தப்பகூடத் தலையக் குனிஞ்சே கையெழுத்துப் போட்டேன். செத்துட்டாங்கன்னு சேதி வந்துச்சு. வரல."

எனக்குத் தெரியும் சகாயம் என்று சொன்னால் போதும். மூன்று சொல். டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரோ போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். அவள் என் தோளில் கை போட்டுக்கொண்டாள். நான் சிரித்தேன். அந்தப் படம் போனில் வந்து கிடக்கிறது, இன்னும் திறந்து பார்க்கவில்லை.

நீ அவளிடம் உண்மையைக் கொண்டுபோய்க் கொடுத்தாய். அதில் என் பெயர் இருந்த இடத்தில் உன் பெயரைப் போட்டாய். அவளுக்கு ஓடச் சொல்லித் தருகிறவள் மேல் நம்பிக்கை மிச்சம் இருக்கட்டும் என்றா? எனக்கு வேலை போய்விடும் என்றா? அல்லது நான் தாங்க மாட்டேன் என்று தெரிந்தா? சொல்லாமலே போய்விட்டாய். ஆஸ்பத்திரியில் அவளைக் கேட்டது மயக்கத்தில் இல்லை என்பது இப்போது புரிகிறது.

ஐந்து நாள் படுத்தும் உட்கார்ந்தும் பார்த்தேன். ஆறாம் நாள் ஒட்டன்சத்திரம் போனேன். பஸ் ஆயக்குடியைத் தாண்டும்போது கொய்யாக் கூடைகளோடு பெண்கள் ஏறினார்கள், அதில் ஒருத்தி என்னோடு படித்தவள். ஊரில் இறங்கவில்லையா என்றாள். வேலை இருக்கிறது என்றேன்.

மண்டியில் முருங்கைக்காய்க் கட்டுகளுக்கு நடுவில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். "ஏலே, அத நெழல்ல போடுங்கடா, வெயில்ல வாடிக் கெடக்கு!" என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். "என்ன மிஸ், சொல்லாம கொள்ளாம? உக்காருங்க."

உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும். "அன்னிக்குப் பலகை அடிச்சது நான். அந்த மேகத்துல பலகை யார் கண்ணுக்கும் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். புஷ்பம் ஓடியாந்து சொன்னா, நேரத்தக் கூட்டணும்னு. நான்தான் வேணாம்னுட்டேன். சர்டிபிகேட்டுலயும் நான்தான் அப்பிடி அடிக்கச் சொன்னேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல."

ஒரு லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. கைகாட்டி அதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"எப்ப வந்து சொன்னாங்க?"

"ஒடனே. நீ மூச்சு வாங்கிக்கிட்டு நின்னப்ப."

"நான் அங்கனதான நின்னேன்" என்றாள். முருங்கைக் கட்டு ஒன்றை நிழலுக்குத் தள்ளிவிட்டு, "பன்னெண்டு ஒம்பது. அதுவும் நல்ல ஓட்டந்தான மிஸ்?"

"அந்த ஈரத்துல, அந்தத் தரையில, ரொம்ப நல்ல ஓட்டம்."

இதை அன்றைக்கே அவளிடம் சொல்லியிருக்கலாம், புஷ்பம். அதுவே போதுமாக இருந்திருக்கும். அவளுக்கு அப்போது வயது பதினைந்து.

அவள் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். "அவங்க வீட்டுக்கு வந்தப்ப எங்கம்மா டீ போட்டுக் குடுத்துச்சு. நான் எந்திரிச்சுத் தட்டி விட்டேன் மிஸ். சூடா கையில, சேலையிலயெல்லாம் கொட்டிருச்சு. ஒண்ணும் சொல்லல. தொடச்சுக்கிட்டே, 'வாரேன் தாயி, காலப் பாத்துக்க'ன்னுட்டுப் போனாங்க."

இது எனக்குத் தெரியாது. அந்தத் திங்கட்கிழமை நீ முழுக்கை ரவிக்கை போட்டு வந்தாயா? எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. நான் உன் முகத்தைப் பார்த்திருக்கமாட்டேன்.

போர்டில் அந்த வரியை அழிக்கச் சொல்லப் போகிறேன் என்றேன். "அழிச்சுருங்க" என்றாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீங்க கெளம்புங்க மிஸ். பஸ்சு போயிரும்." மன்னிப்பு என்ற சொல்லை நான் எடுக்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடுகிற பெண் அவள். அப்படி வாங்கிக்கொள்ளக் கூடாது என்று தோன்றியது.

நேற்று சாயங்காலம் போன் செய்தாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"அவங்கள எங்க வச்சுருக்கு?"

கோவிலுக்குப் பின்னால், கீழ்த்தட்டில், சுவரோரம் மூன்றாவது என்று சொன்னேன். சிலுவையில் பெயர் சின்னதாக இருக்கும், குனிந்து பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன்.

"நான் கூட வரட்டுமா சகாயம்?"

"வேணாம் மிஸ். நான் அவங்ககிட்டத் தனியாப் பேசணும்."

ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். அன்றைக்கு நான் அந்தப் பக்கமே வரமாட்டேன். அவள் வந்தாளா, என்ன பேசினாள் என்று பிறகும் கேட்கமாட்டேன். அது உங்கள் இரண்டு பேருக்கும் உள்ளது.

திங்கட்கிழமை காலை வெள்ளனே நான் உன்னிடம் வருகிறேன். இந்த ஊரில் யார் எப்போது அந்த ஓட்டத்தைப் பற்றிக் கேட்டாலும், என் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன்னைவிட நான்கு மாதம் மூத்தவளாக இருந்தும் உனக்குப் பின்னால் நின்றுகொண்ட
உன் அக்கா,
கோமதி